சீன நாடகத்தில் முதல் வரிசை

துரைராசு உட்காரக் கூடாத நாற்காலியை இந்த உலகத்தில் எந்தத் தச்சரும் இன்னும் செய்யவில்லை. இதைச் சொன்னவர் துரைராசு மாமாவேதான். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் அவர்கள் ஊரில் திருவிழா நாடகம் என்றால், முதல் வரிசை பண்ணையார் வீட்டுக்குத்தான். அவர்கள் வராவிட்டாலும் நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். வயலில் வேலை செய்கிறவர்கள் பின்னால் நிற்க வேண்டும். கூலி உயர்வு கேட்டுச் சண்டை நடந்த வருஷம், மாமா விறுவிறுவென்று போய் நடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பண்ணையாரின் ஆட்கள் அதட்டிப் பார்த்தார்கள். போலீஸ்கூட வந்தது. மாமா எழுந்திருக்கவில்லை. மறுவருஷத்திலிருந்து, முந்தி வருகிறவர்களுக்கே முதல் வரிசை.

பிறகு ஒருநாள், அக்காவையும் அக்கா மகள் ராஜாத்தியையும் சிங்கப்பூரில் இருக்கும் அத்தானிடம் கொண்டுபோய்ச் சேர்க்க, மாமா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். இந்தக் கதையைக் கப்பலில் கேட்காதவர் கேப்டன் ஒருவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது.

அவர்கள் போய் இறங்கிய வாரத்தில், அத்தான் குடியிருந்த தெருவில் மேடை போட்டார்கள். பாட்டும் கூத்துமாகச் சீன நாடகம் நடக்கப் போகிறதாம். மாமாவும் ராஜாத்தியும் சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள்.

தெருவே அங்கே நெருக்கியடித்து நின்றது. ஆனால் முதல் வரிசையில் ஒருவரும் இல்லை. சிவப்பு நாற்காலிகள் வரிசையாகக் காத்திருந்தன.

மாமாவின் மீசை துடித்தது. "பாத்தியா புள்ள? இங்கயும் ஒரு பண்ணையார் இருக்கான்" என்றார். நேரே போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். கால்மேல் கால் வேறு.

மேளக்காரர் தூக்கிய குச்சி அப்படியே நின்றது. அத்தானோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சீனர் ஒருவர் ஓடிவந்து, இரண்டு கைகளையும் சேர்த்துக் கெஞ்சினார். மாமாவும் பதிலுக்கு வணக்கம் சொன்னார்.

ராஜாத்தி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கு இவர்களோடுதானே அப்பா வேலைக்குப் போக வேண்டும்? இந்தத் தெருவில்தானே அவள் விளையாட வேண்டும்?

தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் அதிராம்பட்டினத்து அஹமது கபீர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, எந்திரிங்க. அது செத்துப்போனவங்களுக்குப் போட்டது. இந்த மாசம் அவங்கள்லாம் நாடகம் பாக்க வருவாங்கன்னு இவங்க நம்பிக்கை."

"பேயா பாய்? பேயே வந்து எழுப்பட்டும், எந்திரிக்கிறேன்" என்றார் மாமா. மேடையோரத்தில் படைத்திருந்த ஆரஞ்சுப் பழங்களையும் கிண்டல் செய்யாமல் விடவில்லை. அதைத் தின்னப் போவது எறும்புதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

பேய் உண்டா இல்லையா என்று மாமாவிடம் வாதம் செய்தால் விடிந்துவிடும். அது ராஜாத்திக்குத் தெரியும். அவள் கபீரிடம் வேறொன்று கேட்டாள். செத்துப்போனவர்கள் என்றால் யார்?

கபீர் சொன்னார். பெரும்பாலும் கூலிக்காரர்கள். ஊரை விட்டுத் தனியாக வந்து, மூட்டை சுமந்து, சொந்தபந்தம் யாரும் பக்கத்தில் இல்லாமலே போய்ச் சேர்ந்தவர்கள். அவர்களையும் இந்தத் தெரு மறக்கவில்லை.

ராஜாத்தி மாமாவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "மாமா, இது பண்ணையார் வரிசை இல்ல. மூட்டை தூக்குனவங்க வரிசை."

"செத்தவனுக்கு எதுக்குடி நாற்காலி?"

"இருக்கும்போது யாரும் போடலியாம் மாமா."

மாமா மேல்காலைக் கீழே இறக்கினார். மேடையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கூட்டத்தோடு நின்றுகொண்டார். மூட்டை தூக்கும் சீனர் ராஜாத்தியின் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். மேளம் முழங்கியது.

முகத்தில் சிவப்பும் கறுப்புமாகச் சாயம் பூசிய ஒரு தளபதி வந்தார். மூக்கால் பாடினார். விரல்களையும் தாண்டி நீளும் சட்டைக்கையை உதறி உதறி ஓர் அரசி அழுதாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனாலும் அவள் எதற்காக அழுகிறாள் என்று ராஜாத்திக்குப் புரிந்துவிட்டது.

தளபதி சாட்டையை ஆட்டிக்கொண்டு குதிரையில் வருவதுபோல் நடித்தார். மாமாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "குதிரை எங்கடி? வெறும் சாட்டையத்தானே ஆட்டுறான்?"

"குதிரை இருக்கு மாமா. அவரு இறங்குறதப் பாருங்க. நல்ல உயரமான குதிரை."

மாமா உற்றுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் குதிரை அவருக்கும் தெரிந்துவிட்டதுபோல. அது மிரண்டபோது ஓரடி பின்வாங்கி யாருடைய காலையோ மிதித்தார்.

பாட்டு நீள நீள, மாமா ராஜாத்தியிடம் மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய அப்பா இளையபெருமாளும் இப்படித்தான் நாடகம் பார்ப்பாராம். பகலெல்லாம் நாற்று முடி சுமந்துவிட்டு, வாய்க்கால் கரையில் நின்றுகொண்டே பார்ப்பாராம். பாதி நாடகத்தில் நின்றபடியே தூங்கிவிடுவாராம். முதல் வரிசையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ஆவதற்கு முன்னாலேயே அவர் போய்விட்டார். மாமா இதைக் கப்பலில் யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லிவிட்டு மாமா எங்கேயோ போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு டம்ளர் டீயும், ராஜாத்திக்கு ஒரு பெரிய பிஸ்கட்டும் இருந்தன. பிஸ்கட்டை அவளிடம் கொடுத்தார். ஒரு டம்ளரைக் காலடியில் வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு, யாருடைய பார்வையையும் மறைக்காமல் குனிந்தபடி முதல் வரிசைக்குப் போனார். நடு நாற்காலியைத் தோள்துண்டால் துடைத்தார். டம்ளரை அதன்மேல் வைத்துவிட்டு வந்து, பழைய இடத்தில் நின்றுகொண்டார்.

ராஜாத்தி அவரையே பார்த்தாள்.

"ரொம்பச் சூடு. ஆறட்டும்னு வெச்சேன்" என்றார் மாமா, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ராஜாத்தி சிரிக்கவில்லை. பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து நீட்டினாள். "அப்ப இதையும் ஆற வெச்சுட்டு வாங்க மாமா."

மாமா அதை வாங்கிக்கொண்டு, மறுபடியும் குனிந்தபடி முதல் வரிசைக்குப் போனார்.