செவிட்டுக் காதில் கேட்ட பலகை

விரல் முட்டியால் பலகையைத் தட்டியபோது, கிதார் செய்யும் பிராங்கிளினுக்கு வலது காதில் ஓசை கேட்டது. கேட்டிருக்கக் கூடாது. துறைமுகத்தில் கப்பலுக்குத் துரு தட்டிய காலத்திலேயே அந்தக் காது செத்துப்போயிற்று. மனைவி மெர்லின்கூட எப்போதும் அவன் இடப்பக்கம் வந்துதான் பேசுவாள்.

"சைப்ரஸ் மரம், நைனா," என்றான் கொருக்குப்பேட்டை மரக்கடை ஜேக்கப். "ஊட்டி பங்களா அலமாரிக் கதவு. சோக்கா காஞ்சி கீது. உள்பக்கம் எலி பிறாண்டி வச்சிகீது, எழைச்சா பூடும்."

கிதாரின் முதுகுக்கு வைக்கும் சைப்ரஸில் ஓசை சட்டென்று எழுந்து சட்டென்று அடங்க வேண்டும்; அப்படித் தட்டிக் கேட்டுத்தான் பலகை பொறுக்குவான். இது அடங்கவில்லை. வேறு நாளாயிருந்தால் தள்ளி வைத்திருப்பான். செத்த காது பிழைத்த சந்தோஷத்தில் ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

ராயபுரம் வீட்டின் முன்னறையில் அவன் இழைக்க இழைக்க, எலுமிச்சையும் மிளகும் கலந்தது போன்ற வாசம் கிளம்பி, ஜன்னல் வழியே வந்த கருவாட்டு நாற்றத்தையும் கன்டெய்னர் லாரிப் புகையையும் அமுக்கிக்கொண்டு வீடெல்லாம் நிறைந்தது. கீறல்கள் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தன. எலி நகம் இவ்வளவு அகலமா என்று ஒரு கணம் தோன்றியது. வேலை மும்முரத்தில் மறந்துபோனான்.

கிதாரின் உடல்பெட்டியை ஒட்டி மூடிய அன்று சாயங்காலம் மழை. கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முதுகைத் தட்டிப் பார்த்தான்.

ஒரு தட்டு. உள்ளேயிருந்து இரண்டு.

இடது காதில் மழைச் சத்தம் நின்றது. ஜன்னலில் மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. இருந்த ஒரு காதும் போய்விட்டதா? இனி மெர்லின் குரல்?

"மெர்லின்!" என்று கத்தினான். தன் குரலே கேட்கவில்லை.

மறுபடி தட்டல். வலது காதில் மட்டும். பிறகு பிறாண்டல். பிறகு, கிதாரின் வட்ட ஓட்டைக்குள்ளிருந்து குரல்.

"யோவ்..." மெர்லினின் குரல். "இருட்டா கீதுய்யா. மூச்சு முட்டுது. தொறந்து வுடுய்யா."

உளியை எடுத்தான். ஒட்டிய விளிம்பில் வைத்தான்.

சமையலறை வாசலில் ஏதோ அசைந்தது. நிமிர்ந்தான். மெர்லின். அதே நைட்டி. அதே ஜெபமாலை. நடந்து வந்தாள். வலப்பக்கமாக வந்து நின்றாள்.

உளியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். சிரித்தபடி, வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் நகங்கள் சதைவரை தேய்ந்திருந்தன.

பெட்டிக்குள் மெர்லின் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.