மூன்றாவது அட்டை

செவ்வாய்க்கிழமை. மழை விடுவதாக இல்லை. மழைக்கோட்டுக்குள் பொத்திக்கொண்டு வந்த ஸ்கோர் அட்டையை கவுன்டரில் வைத்தாள் அவள். ஓரம் மட்டும் கொஞ்சம் நனைந்திருந்தது.

கவுன்டருக்குப் பின்னால் இருந்தவன் அதை வரி வரியாகப் படித்தான். அந்த கோல்ஃப் கிளப்பில் ஹேண்டிகேப் பதிவு அவன் பொறுப்பு. கறார் பேர்வழி என்பதால் உறுப்பினர்கள் வைத்த பெயர் 'அளவுகோல்'. கண்கள் மட்டும் அந்தப் பெயருக்குப் பொருந்தாமல்... எதையோ கேட்க நினைத்துக் கேட்காமலே விட்ட கண்கள்.

"கூட நடந்து எண்ணினது யாரு, மேடம்?"

"எங்க அப்பா. கையெழுத்து இருக்கே."

"அவர் காலையிலேருந்து வராண்டா நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாரு. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

அவள் முகம் சுண்டிப் போனது.

ஆடுகிறவருக்கு எத்தனை அடி சலுகை என்று சொல்கிற எண்தான் ஹேண்டிகேப். அதை வாங்க மூன்று முழு ஆட்டம் ஆட வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும், கூடவே நடந்து அடிகளை எண்ணியவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு அட்டை பயிற்சியாளர் தயவில் முடிந்தது. அவர் வெளியூர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை, பெற்றோரும் பிள்ளையும் ஜோடியாக ஆடும் போட்டி. எண் இல்லாதவர் பெயரைச் சேர்க்க மாட்டார்கள். அப்பாவுக்கு நுரையீரலில் புற்று. அன்றைக்கு அவர் மைதானத்துக்குள் ஓடும் சின்ன வண்டியில் வந்து, குழிக்குப் பக்கத்தில் மட்டும் இறங்கிப் பந்தைத் தட்டுவதாகத் திட்டம். இன்று வண்டியில் ஏறக்கூட மூச்சு ஒத்துழைக்கவில்லை. அடுத்த வருஷப் போட்டி என்ற ஒன்று அவருக்குக் கிடையாது.

"இத எடுத்துக்க முடியாது."

"மனுஷன்தானா நீங்க?"

"வியாழக்கிழமை எனக்கு லீவு. நான் கூட வந்து எண்றேன்."

"உங்க தயவு ஒண்ணும் வேணாம்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். புதன்கிழமை முழுக்க மழை, மைதானத்தையே மூடிவிட்டார்கள். வியாழன் விடிந்ததும் வீம்பை விழுங்கிக்கொண்டு முதல் குழிக்கு வந்து நின்றாள். வேறு யார் வரப் போகிறார்கள், ஒரு கற்றுக்குட்டியோடு ஐந்து மணி நேரம் நடக்க?

அவன் ஏற்கெனவே குடையோடு நின்றிருந்தான்.

மட்டையை ஓங்கி வீசினாள். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஒண்ணு," என்றான் அவன்.

"பந்து நகரவே இல்லையே."

"வீசினீங்கல்ல? வீசினா ஒண்ணு. மருந்துக் கடையில மாத்திரை எண்ணிக் குடுக்கறவங்க நீங்க... உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"காத்தத்தான் சார் அடிச்சேன்."

"காத்து நல்லா தூரமா போச்சு. பந்துதான் பாக்கி."

சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அப்பா ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருக்க, தான் சிரிக்கிறோமே என்று உடனே நெஞ்சு குறுகுறுத்தது.

பதினோராவது குழியில் தூறல் வலுத்தது. குடை முழுக்க அவள் தலைக்கு மேல்... அவன் தோள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவசரமாக அட்டைக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டான். இவன் ஏன் நனைகிறான் என்று தோன்றியது. கேட்கவில்லை.

மொத்தம் நூற்று இருபத்தெட்டு அடி. கையெழுத்துப் போட்டுப் பதிவும் செய்தான். எண் மறுநாள் காலையில் வந்துவிடும் என்றான்.

வந்தது. நாற்பத்தொன்பது. செல்போனில் அதைப் பார்த்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். விடிவதற்குச் சற்று முன் அப்பா போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து, லாக்கரில் இருந்த அப்பாவின் சாமான்களை எடுக்க வந்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தவன், அப்படியே நின்றான்.

"ஒண்ணு சொல்லணும். அந்த அட்டைய கண்ண மூடிட்டு எடுத்திருக்கலாம். வேற யாரோடதா இருந்திருந்தா எடுத்திருப்பேனோ என்னவோ... மூணு மாசமா நீங்க பயிற்சி பண்றத இந்த ஜன்னல் வழியா பார்த்துட்டிருந்தேன். பிடிச்சுப் போச்சு. பிடிச்சவங்களுக்குன்னு வளைஞ்சு குடுத்ததா ஆயிடக் கூடாதுன்னு வீம்பு. அன்னிக்கே எடுத்திருந்தா புதன்கிழமை எண் வந்திருக்கும். உங்க அப்பா பார்த்திருப்பாரு."

அவள் சாவியைத் திரும்பக் கவுன்டரிலேயே வைத்தாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் எத்தனைன்னு கேட்டாரு. நூத்தி இருபத்தெட்டுன்னேன். அவர் வராண்டாவுல உட்கார்ந்து உத்தேசமா எழுதின அட்டையில நூத்தி ஒண்ணுதான். 'இருபத்தேழு அடிய முழுங்கிட்டேனா பாப்பா?'ன்னு சிரிச்சாரு. இருமல் வந்துச்சு. அப்பவும் சிரிச்சாரு. அதுக்கப்புறம் அவர் சிரிக்கல."

அவன் தலை குனிந்தான்.

"உங்க மேல கோவம் இருக்கு," என்றாள். "அது சீக்கிரம் போகாது. ஆனா நீங்க எண்ணலேன்னா அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைச்சிருக்காது. ரெண்டு வாரமா யார் வந்தாலும் அழுகை வரல... இங்க வந்து உங்க முகத்தப் பார்த்ததும் வருது." குரல் உடைந்தது. "எனக்கும் பிடிச்சிருக்கு. சந்தோஷமா சொல்லத்தான் வரல."

அவன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.