திங்கட்கிழமை பெண்கள் நாள்

"தம்பி வீட்ல காலண்டர் இல்லையா? இன்னிக்குப் புதன். பொம்பளைங்க நாள்."

"விடுங்கக்கா, பாவாடை கட்டிக்கிட்டு வர மறந்துட்டார் போல."

மருந்துக்கடை வரிசை மொத்தமும் முகக்கவசத்துக்குள் சிரித்தது. நடுவில் மாட்டிக்கொண்டவன் மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். கொள்ளைநோய் வந்ததிலிருந்து பனாமா நகரத்தில் இதுதான் சட்டம். திங்கள், புதன், வெள்ளி பெண்கள் வெளியே வரலாம். செவ்வாய், வியாழன், சனி ஆண்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் கிடையாது. நாள் தவறி வந்தவனைப் போலீஸ் பிடித்தால் அபராதம். பெண்கள் பிடித்தால் அதைவிட மோசம்.

நெதெல்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் முழு ஷிப்டு பார்த்துவிட்டு நேராக வந்திருந்தாள். கால் கடுத்தது.

"ஆளாளுக்கு இப்படிக் கிளம்பி வந்தா அங்க படுக்கைக்கு நாங்கதான் அலையணும். தெரியுதா?" என்றாள் வெடுக்கென்று.

அவன் திரும்பினான். தெரிந்தது கண்கள் மட்டும்தான்... இமைமுடியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. பல நாள் சரியாகத் தூங்காத கண்கள். அப்படியும் அழகாக இருந்து தொலைத்தன.

"வீட்ல நானும் அப்பாவும்தாங்க. பொம்பளைங்களே இல்ல. பொம்பளைங்க நாள்ல வலி வரக்கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லித்தான் பாத்தேன். கேக்க மாட்டேங்கிறார்."

வரிசை மறுபடி சிரித்தது. இந்த முறை அவன் பக்கம் நின்று சிரித்தது.

"என்ன வலி?"

அவன் தயங்கினான். காது சிவந்தது.

"முதுகு வலி."

ஒரு டாக்டர் அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நெதெல்கா அந்தக் காதுகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஓரமா வண்டியில போய் உக்காருங்க. நான் வாங்கிட்டு வர்றேன்."

ஏசி ரிப்பேர் கம்பெனி வேன் அது. ஜன்னல் வழியாக மாத்திரையை வாங்கிக்கொண்டு, "பேரு அப்தியேல். வீட்டு ஏசி ரிப்பேர் ஆனா கூப்பிடுங்க" என்று நம்பர் கொடுத்தான்.

"ரிப்பேர் ஆகலைன்னா?"

"நானே வந்து ரிப்பேர் ஆக்கிக் குடுக்கறேன்."

வீடு போய்ச் சேரும்வரை முகக்கவசத்துக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் அந்த நகரத்தில் மட்டுமே நடக்கக்கூடிய காதல். இருவரும் ஒரே நாளில் தெருவில் நிற்க முடியாது. பெண்கள் நாளில் அவள் அரிசியும் முட்டையும் வாங்கிப் போய் ரியோ அபாஹோ பேட்டையில் அவன் வீட்டு இரும்புக் கேட்டில் மாட்டுவாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் நிற்பான். ஆண்கள் நாளில் அவன் சுடச்சுடக் கோழி சூப்போடு அவள் பால்கனிக்குக் கீழே வந்து நிற்பான். கயிற்றில் கூடையை இறக்குவாள்.

"எதுக்கு டாக்டர் நீங்க? பல்லுக்கா? கண்ணுக்கா?"

"எல்லாத்துக்கும்."

"அப்படி ஒரு படிப்பு இருக்கா?"

"சூப் ஆறுது. கிளம்புங்க."

சொல்லியிருக்கலாம். சிறுநீர் சம்பந்தப்பட்ட அறுவை டாக்டர் என்று ஒரு வரி. ஆனால் அதைச் சொன்ன இடமெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. கேட்ட ஆண்கள் ஒன்று சிரித்தார்கள், இல்லை காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நல்ல பையன் என்று தோழி அறிமுகப்படுத்தி வைத்தவன் சாப்பாடு வருவதற்குள் எழுந்தே போய்விட்டான். இவனும் அப்படி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டால்... வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தாள்.

அவனும் சொல்லவில்லை. அப்பாவுக்கு இன்ன இடத்தில் வலி, சிறுநீரில் ரத்தம் வருகிறது என்று பிடித்த பெண்ணிடம் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எப்படிச் சொல்வது? அப்பாவும் விடவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட என் மானத்தை வாங்கிடாதடா. முதுகு வலின்னே சொல்லு" என்று அவள் வருமுன்பே உள்ளேயிருந்து குரல் கொடுத்துவிடுவார். இருவருக்கும் வெட்கம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. இந்த முறை அவன் கேலி எதுவும் பேசவில்லை.

"அப்பாவுக்குக் குளிர் ஜுரம். உடம்பு தூக்கிப் போடுது. நீ எந்த ஆஸ்பத்திரி?"

பயத்தில் 'நீ' என்று சொல்லிவிட்டான். அவளும் கவனிக்கவில்லை.

அவசரப் பிரிவு வாசலில் வேன் வந்து நின்றபோது அவள் வெளியே ஓடி வந்தாள். அவள் கோட்டில் துறையின் பெயர் தைத்திருந்தது. அவன் அதைப் படித்தான். மறுபடி படித்தான்.

"நீ இந்த டாக்டரா?"

"ஆமா."

"அப்பாவுக்கு உள்ள ஒரு குழாய் வச்சிருக்காங்க, நெதெல்கா. கல்லுக்காக. எடுக்கவே இல்ல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரைக் குனிந்து பார்த்தாள். எஃப்ராயின் கஸ்தில்யெரோ. கால்வாயில் இழுவைப் படகு ஓட்டியவர். பார்த்ததுமே அவளுக்கு ஆளைத் தெரிந்தது. அந்தக் குழாயை வைத்தவளே அவள்தான்.

நோய் வந்த புதிதில் அறுவைகளை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். மூச்சு இயந்திரங்கள் கொரோனா வார்டுக்குப் போய்விட்டன. மயக்கம் கொடுக்கும் டாக்டர்களும் போய்விட்டார்கள். கல்லை உடைக்க வழியில்லாமல், சிறுநீர் இறங்கினால் போதும் என்று மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்து அனுப்பினார்கள். சில வாரத்தில் அதை எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் குழாய்மேலேயே கல் படியும். அவளுடைய துறைக்கு அறுவை மேசை கிடைத்தது திங்கட்கிழமைகளில் மட்டும். "திங்கட்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க ஓடினாள். திங்கட்கிழமை பெண்கள் நாள் என்பதும், ஒரு ஆண் அன்று வெளியே வர அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதும், அதை அவள்தான் எழுதித் தர வேண்டும் என்பதும் அந்த ஓட்டத்தில் மறந்தே போனது.

அன்று முதுகு வழியாகச் சீழை வடித்து உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். காய்ச்சல் இறங்கியது. குழாய் வைத்த பக்கத்துச் சிறுநீரகம் மட்டும் தேறவில்லை. எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நோய்க்கு முன்பென்றால் சின்னத் துளை போட்டு, வாயு ஊதி, முழு மயக்கத்தில் செய்திருப்பார்கள். இப்போது வாயுவோடு கிருமி பறக்கும் என்று பயம். தொண்டையில் குழாய் இறக்கவும் பயம். முதுகில் ஊசி போட்டு வலி தெரியாமல் மரத்துப்போகவைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, பழைய முறையில் திறந்தார்கள். கிழவர் விழித்திருந்தார். நடுவில் ஒரு திரை. அதற்கு அந்தப் பக்கம் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"டாக்டரம்மா, உங்க மூஞ்சியை ஒருநாளும் முழுசாப் பாத்ததில்ல. ஆனா குரல் மறக்காது எனக்கு. மூடுபனியில படகு ஓட்டினவன். குரலை வச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம்."

"கொஞ்சம் அசையாம இருங்க ஐயா."

"வாசல்ல அரிசி கொண்டு வர்ற குரல் இது. திங்கட்கிழமை வாங்கன்னு சொன்ன குரலும் இதுதான். மொத நாளே தெரியும் எனக்கு."

அவள் கை நின்றது. எதிரே நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். நெதெல்கா மூச்சை இழுத்துவிட்டு மறுபடி வேலையைத் தொடர்ந்தாள்.

"பையன்கிட்ட சொல்லிடாதீங்க. அவன் கோவக்காரன். கிட்னி ஒண்ணு போனா எனக்கு இன்னொண்ணு இருக்கு. அவனுக்கு நீங்க ஒருத்திதான்."

அவளுக்குக் கண் மறைத்தது... துடைக்கக்கூட முடியாது, கையில் ரத்தம். நர்ஸ்தான் எட்டித் துடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அப்தியேல் ஆஸ்பத்திரி நடைபாதையில் அவள் முன்னால் வந்து நின்றான். நன்றி சொல்லத்தான் வந்தான். வாயில் வந்தது வேறு.

"குழாயை எடுக்க வரச்சொன்ன அன்னிக்கு அவர் குளிச்சு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, கிளம்பி நின்னாரு. நான்தான் தடுத்தேன். திங்கட்கிழமை பொம்பளைங்க நாள், சீட்டு இல்ல, பிடிச்சா அசிங்கம்னேன். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன். யாரும் எடுக்கல. விட்டுட்டேன். அப்பாவோட கிட்னியை நான் தின்னுட்டேன், நெதெல்கா."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். நான்தான் என்று சொன்னால் இந்தக் கண்கள் இனி அவளை இப்படிப் பார்க்காது. "உன் தப்பு இல்ல" என்று மட்டும் சொன்னாள். உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மழைக்காலத்தை ஓட்டினாள். அவன் சூப் கொண்டு வந்தான். அவள் கூடையை இறக்கினாள். எத்தனையோ சாயங்காலம் பால்கனிக்குக் கீழே சிரித்துப் பேசிவிட்டுத் திரும்பும்போது அவன் முதுகு கூனிக்கொண்டு போவதைப் பார்த்தாள். கிழவர் தேறி எழுந்து நடமாடினார். மகன்தான் அவர் முகத்தை நேராகப் பார்க்காமல் சாப்பாடு எடுத்துவைத்தான்.

ஆண்கள் நாள், பெண்கள் நாள் எல்லாம் ரத்தானது. முதல் சாயங்காலமே நகரத்து ஜோடிகள் மொத்தமும் கடற்கரைச் சாலையில் இறங்கிவிட்டன. இவர்களும் போனார்கள். முதன்முறையாக நடுவில் கேட் இல்லாமல், பால்கனி இல்லாமல்...

"இவ்ளோ குட்டையா நீ? மேல நிக்கிறப்போ பெரிய ஆளாத் தெரிஞ்ச."

"ஏமாந்துட்டியா?"

"சூப்பு வேஸ்ட்."

கடல் பக்கம் ஒரு திண்டில் உட்கார்ந்தார்கள். தூறல் போட்டது. அவன் தொண்டையைச் செருமினான். காது சிவந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உன்னை ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி... பெத்தவருக்கே இப்படிப் பண்ணின ஒருத்தனை நீ எப்படி..."

"அந்தத் திங்கட்கிழமையைக் குடுத்தது நான்."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"உங்கப்பாவுக்குக் குழாய் வச்சதே நான்தான். தேதி சொன்னதும் நான்தான். சீட்டு எழுதித் தரணும்னு தோணவே இல்ல." நிறுத்தினால் முடியாது என்று தெரிந்து வேகமாகப் பேசினாள். "அதுகூடப் பரவாயில்ல. அன்னிக்கு அவர் வரலைன்னு தெரிஞ்சப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு, அப்தியேல். ஒரு ஆள் குறைஞ்சார்னு. நாற்காலியிலயே தூங்கிட்டேன். ஏன் வரலைன்னு ஒரு போன் பண்ணல. அன்னிக்கும் பண்ணல, அடுத்த நாளும் பண்ணல. அப்புறம் மறந்தே போச்சு."

கடலில் கப்பல்கள் கால்வாய்க்குள் நுழைய முறை பார்த்து நின்றுகொண்டிருந்தன. அவன் அவற்றைப் பார்த்தபடி கேட்டான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்ல வேண்டாம்னார்."

"அவரே வேண்டாம்னுட்டாரு. அப்புறம் ஏன் சொன்ன?"

"உன்னைப் பிடிச்சிருக்கு. என் தப்பை நீ சுமந்துக்கிட்டுத் தூங்காம இருக்கே. அதைப் பாத்துக்கிட்டே உன்கூட எப்படி வாழறது? நீ போயிட்டாலும் பரவாயில்ல. இன்னிக்கு ராத்திரி நீ தூங்கணும்."

அவன் எழுந்தான். கொஞ்ச தூரம் நடந்தான். கூட்டத்தில் அவன் சட்டை மறைந்தது, தெரிந்தது, மறைந்தது. அவள் கூப்பிடவில்லை. எந்த உரிமையில் கூப்பிடுவது?

திரும்பி வந்தான். முன்பு உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. திண்டின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

"அப்பா மூஞ்சியை நேராப் பாத்து எத்தனை நாளாச்சுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் கூடையை இறக்கினே."

"ஆமா."

"ரொம்பக் கோவமா வருது."

"வரட்டும்."

"எப்பப் போகும்னு தெரியல."

"சரி."

தூறல் மழையானது. ஜோடிகள் சிரித்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடின. இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"இத்தனை நாள் உன்னைப் பாக்காம இருந்தது சட்டத்துனால," என்றான் அவன், கடலைப் பார்த்துக்கொண்டே. "இனிமே பாக்காம இருக்கணும்னா நானாத்தான் இருக்கணும். அங்க முக்கு வரைக்கும் போய்ப் பாத்தேன்... முடியல நெதெல்கா. பிடிச்சுப் போச்சு. அதுக்கும் சேத்துத்தான் கோவம் வருது."