ஐஸ் நேரத்துப் பாட்டு

நேப்பிள்ஸின் அந்தப் பழைய அரங்குக்கு எர்மானோ மதியச் சாப்பாடு முடிந்து தனியாக வந்தார். மாலையில் அரங்கேற்றம். பாட்டனுக்குப் பாட்டன் காலத்து நகைச்சுவை இசை நாடகம் ஒன்றை நவீன ரசிகனுக்காக அவர் 'மீட்டெடுத்திருந்தார்'. அதாவது, கஞ்சக் கிழவன் கைபேசிக் கடை முதலாளி ஆகியிருந்தான். வேலைக்காரி ஸ்கூட்டரில் வந்தாள். அவளுடைய கிழட்டு அத்தைக்கு ஒரு பாட்டு இருந்தது. அதை வெட்டிவிட்டார்.

வாத்தியக் குழுவை நடத்தும் நுன்சியா காலையிலேயே சொன்னாள்.

"அது ஐஸ் பாட்டு, எர்மானோ. அந்தக் காலத்துல ஜனங்க எலுமிச்சை ஐஸ் வாங்க எழுந்து போறப்ப ரெண்டாந்தரப் பாடகி பாடறது. யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா யாரும் வெட்டவும் மாட்டாங்க."

"கேக்காத பாட்டு எதுக்கு?"

"நீ பேசறதையும்தான் யாரும் கேக்கறதில்ல. உன்னை வெட்டிட்டமா?"

மேலிருந்து மேடை எப்படித் தெரிகிறது என்று பார்க்க எர்மானோ மூன்றாம் மாடியில் ரசிகர்கள் அமரும் சிற்றறைகளில் ஒன்றான பாக்ஸுக்குள் நுழைந்தார். ஈர வெல்வெட் வாடை. பழைய முகப்பவுடர் வாடை. பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

இழுத்தார். அசையவில்லை.

கீழே, ஆளில்லாத மேடையில், மெல்லிய பெண்குரல் ஒன்று அத்தையின் பாட்டைத் தொடங்கியது.

"யாரும்மா அது? அந்தப் பாட்டு இல்லைன்னு சொல்லியாச்சே."

பாட்டு நின்றது. முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கியது. இம்முறை நாற்காலி வரிசைகளுக்கு நடுவிலிருந்து.

வாயை மூடிக்கொண்டார். மாலைப் பேட்டியில் தன் கலைப்பார்வையைப் பற்றி என்ன சொல்லலாம் என்று மனசு லேசாக நகர்ந்தது.

பாட்டு நின்றது.

மறுபடி முதல் வரி. கதவுக்கு வெளியே, நடைவழியில்.

அப்புறம் அவர் பின்னாலிருந்த நாற்காலியில்.

வியர்த்தது. வேறு வழியில்லை, கேட்டார். பிறர் குரலை முடிவுவரை கேட்பது அவருக்குப் புது அனுபவம். எவனும் பெண் கேட்டு வராத வீட்டில் தினமும் இரண்டு நாற்காலி போட்டு வைக்கும் கிழவியின் பாட்டு. சிரிக்க வேண்டிய இடத்தில் தன்னை மறந்து சிரித்தும்விட்டார்.

பாட்டு முடிந்தது. கதவு ஒரு விரற்கடை திறந்தது.

அப்போதுதான் தொழில்புத்தி காலை வாரியது. பிழைத்த மகிழ்ச்சியில் கைதட்டினார். அந்த ஊர் அரங்குகளில் ஊறிய வாய், மறுபடி பாடு என்று கேட்கும் அந்தச் சொல்லைத் தானாகச் சொன்னது: "பிஸ்."

காதருகே மூச்சுக் காற்று நின்றது.

"நிஜமாவா கேக்கறீங்க, ஐயா? இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லையே."

கதவு மூடியது.

மாலையில் அரங்கு நிரம்பியது. எர்மானோ கைப்பிடிச் சுவரைக் குத்தினார். பெயர் பெயராகக் கூப்பிட்டார். கீழே நுன்சியா நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தாள். பக்கத்து வயலின்காரரிடம் அவள் சொன்னது மேலே தெளிவாகக் கேட்டது.

"பாருங்க, வாழ்க்கையில முதல் தடவையா வாயை மூடி உக்காந்திருக்கான்."

எர்மானோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

அவர் தோளில் குளிர்ந்த கை ஒன்று, அவசரமில்லாமல், தாளம் போடத் தொடங்கியது.