மேற்படி வீட்டில் குடியிருக்கும் நபர்

பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டுக் காயவைத்த பிறகும் அந்த எண்ணெய்க் கறை பின்னறைச் சுவரில் திரும்ப வந்திருந்தது. தரையில் உட்கார்ந்து சாய்ந்தால் தலை எங்கே படுமோ சரியாக அங்கே, ஒரு தலை அகலத்துக்கு, மஞ்சளும் பழுப்புமாக. அவள் தொட்டுப் பார்த்தாள். விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்ததுதான் தப்பு. சிக்குப் பிடித்த எண்ணெயும் வியர்வையும் பொடுகும் கலந்த வாடை மூக்கில் ஏறி, காலையில் குடித்த காபியைத் தொண்டை வரை கொண்டுவந்து நிறுத்தியது.

பெரியப்பாவின் வாடை. மனிதர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வாடை மட்டும் வீட்டைக் காலி பண்ணுவதாக இல்லை.

கல்யாணம், குடும்பம் என்று எதுவும் இல்லாமல் தம்பி வீட்டுப் பின்னறையிலேயே காலத்தை ஓட்டியவர் அவர். காலையில் தலையில் எண்ணெயைக் கொட்டிக்கொண்டு அந்தச் சுவரில் சாய்ந்தால், சாயங்காலம்தான் முதுகைப் பிரிப்பார். சாப்பிட்ட கையைச் சட்டையில் துடைப்பார். தலையைச் சொறிந்துவிட்டு நகத்தை முகர்ந்து பார்ப்பார். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அவரைக் கண்டால் குமட்டும். அதை அவள் மறைத்ததும் இல்லை. அம்மா அப்பா காலத்துக்குப் பிறகு வீடு அவள் பெயருக்கு வந்தது. தனியாகக் கிடந்த பெரியப்பா போனில், "என்னையும் உன்கூடவே கூட்டிட்டுப் போயிடேம்மா" என்று கேட்கும்போதெல்லாம், சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிடுவாள்.

இப்போது வீட்டை விற்க வந்து வசமாக மாட்டிக்கொண்டிருந்தாள். புரோக்கருக்கு எதற்கு அழவேண்டும் என்று தானே விளம்பரம் கொடுத்து, தானே பேரம் பேசி, பத்திரத்தைக்கூடத் தானே தயார் செய்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் கூடத்தில் சிரித்த முகமாக நின்று, பின்னறைக்குப் போனதும் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பினார்கள். நாலு நாள் வேலை என்று வந்தது மாசக்கணக்கில் இழுத்துவிட்டது. வேறு ஊரில் தன் கணவனிடம் விட்டுவந்திருந்த மகள் இப்போதெல்லாம் போனில் "எப்பம்மா வருவே?" என்று கேட்பதைக்கூட நிறுத்தியிருந்தாள். அதுதான் அவளைக் கலக்கியது.

நாளைக்குப் பத்திரப் பதிவு. வாங்குகிறவரும் மனைவியும் கடைசியாக ஒருமுறை பார்க்க மதியம் வருகிறார்கள். "சுவர்ல துளி ஈரம் இருந்தாக்கூட நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று அவர் முன்பே கறாராகச் சொல்லியிருந்தார்.

சோப்புத் தண்ணீரும் பிரஷுமாக மண்டியிட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். கறை கரையவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சுவர் குழைந்தது, வெதுவெதுப்பானது, பிரஷுக்கு அடியில் தோல் நகர்வதுபோல மெல்ல நகர்ந்தது. பிரஷில் நரைமுடி சிக்கியிருந்தது. பழைய முடி ஏதோ பெயிண்டில் ஒட்டியிருக்கும் என்று ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. வேரோடு, வேரில் வெள்ளைச் செதிலோடு, சுவருக்குள்ளிருந்து.

வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அப்போதுதான் சத்தம் கேட்டது.

சர்... சர்... சர்...

நிதானமாக, சுகமாக, நகத்தால் மண்டையைச் சொறியும் சத்தம். கறைக்கு நேர் கீழே, துடைத்து வைத்திருந்த தரையில், பொடுகு உதிர்ந்தது.

எப்படித்தான் அவ்வளவு பலம் வந்ததோ, கூடத்து மூலையில் இருந்த இரும்பு பீரோவைத் தள்ளிக்கொண்டுவந்து கறையின்மேல் சாத்தினாள். மதியம் வந்த இருவரும் பின்னறையில் நின்று முகர்ந்து பார்த்தார்கள்.

"ஏதோ வாடை வருதே?"

"புது பெயிண்ட்டுங்க."

"பீரோவ எடுக்கலையா?" என்றாள் மனைவி.

"உங்களுக்குன்னே விட்டுட்டுப் போறேன்."

அந்த அம்மாளுக்கு வாயெல்லாம் பல். இவர்கள் தலையில் எதைக் கட்டுகிறோம் என்ற உறுத்தல் அவளுக்கு ஒரு கணம் வந்தது. மகளின் முகத்தை நினைத்ததும் போய்விட்டது.

மறுநாள் பதிவு அலுவலகத்தில், வாங்குகிறவரின் வக்கீலம்மா பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது என்னங்க? 'மேற்படி வீட்டில் குடியிருக்கும் நபரை, விற்பவர் இன்றே தன் சொந்தப் பொறுப்பில் தன்னுடன் அழைத்துச் சென்றுவிடச் சம்மதிக்கிறார்.' யாரு அந்த நபர்?"

அவள் பத்திரத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். அலுவலகத் தோழி தன் வீட்டை விற்ற பத்திரத்தை வாங்கி, பெயரையும் அளவையும் மாற்றி எழுதிய பத்திரம் அது. தோழியின் வீட்டில் மாமியார் இருந்தார். அந்த வரியை எடுக்க மறந்துவிட்டாள்.

"அது... வேற பத்திரத்துலேருந்து வந்துருச்சு மேடம். வீட்டுல யாரும் இல்ல. எடுத்துரலாமே?"

"எடுக்கணும்னா மறுபடி டைப் பண்ணி, வேற நாள் வாங்கித்தான் வரணும். யாரும் இல்லன்னா இருந்துட்டுப் போகட்டுமே? எங்க பார்ட்டிக்கு நல்லதுதான். என்ன, போடறீங்களா?"

பேனா கையில் இருந்தது. பின்னறைச் சுவரில் எண்ணெய் வழியச் சாய்ந்திருந்த பெரியப்பாவின் உருவம் கண்ணில் வந்தது. மறுபடி ஒரு நாள் என்றால், மறுபடி அந்த அறை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

சாவி கொடுக்கப் போனபோது வாங்குகிறவர் பீரோவை நகர்த்தச் சொன்னார். பீரோ நகர்ந்தது. சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. உலர்ந்து, குளிர்ந்து, புது பெயிண்ட் வாசனையோடு. வாங்குகிறவர் சுவரைத் தட்டிப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார்.

வாசலில் கணவன் காரோடு நின்றிருந்தான். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் அழுதாள், சிரித்தாள், மகளின் தலையை முகர்ந்து முகர்ந்து முத்தமிட்டாள். ஷாம்பு வாசனை. அப்பாடா, விட்டது பீடை.

கார் ஊரைத் தாண்டியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மகள் பின் சீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாள்.

"பின்னாடி எண்ணெய் பாட்டில் எதுவும் கொட்டிடுச்சா?" என்றான் கணவன், கண்ணாடியை இறக்கிக்கொண்டே.

"இல்லையே."

"என்னமோ சிக்கு நாத்தம்."

அவள் தன் கையை முகர்ந்தாள். கை இல்லை. புடவை? இல்லை.

காற்று உள்ளே அடித்தது. நாற்றம் போகவில்லை. நெருங்கியது. காதுக்குப் பின்னால்.

சர்...

அவள் திரும்பினாள்.

மகள் பின் சீட்டின் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சீட்டில் அல்ல. கதவில் அல்ல. வெறும் காற்றில், உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தோள் உயரத்தில், பத்திரமாகத் தாங்கப்பட்டு. கன்னம் பளபளத்தது. எண்ணெய் தாடை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னத் தலை மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது, யாரோ மூச்சு விடுவதற்கு ஏற்ப.