கட்டத்தில் கொள்ளாத குரல்

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் கையில் வைத்துக்கொள்வதில்லை. போட்டோ எங்கே என்றால் மெஷினில். கையெழுத்து எங்கே, அதுவும் மெஷினில். சாவுச் செய்தியைக்கூட நேரில் வந்து சொல்ல ஆளில்லை. என் மகள் சாலையில் அடிபட்டுப் போனதை எவனோ ஒருவன் போனில்தான் சொன்னான். ஆறு மாதம் கழித்து அவள் ஆபீஸிலிருந்து, "அவ குரல் ஒண்ணு இங்க இருக்குப்பா. சாயந்தரம் எல்லாத்தையும் அழிக்கப் போறாங்க. வந்து கேட்டுட்டுப் போங்க" என்று கூப்பிட்டபோது, இதிலும் ஏதோ ஏமாற்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

நல்ல வெயில் நேரம். மூன்றாம் மாடி. கூப்பிட்டவள் மகளோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவள். தடித்த கண்ணாடி. 'சோடாபுட்டி' என்றுதான் மகள் அவளைச் சொல்வாள். மெஷின்கள் வைத்திருக்கும் அறைக்கு அழைத்துப் போனாள். ஜன்னல் கிடையாது. ஐஸ் பெட்டிக்குள் நுழைந்ததுபோல் குளிர். விடாத இரைச்சல்.

"நோயாளிங்க படம், குரல் எல்லாத்தையும் டேட்டாபேஸ்ல சேக்குற புரோகிராம் எழுதினோம்ப்பா, ஒரு ஆஸ்பத்திரிக்காக. சோதிச்சுப் பாக்க அவ குரலைத்தான் முதல்ல போட்டா."

"குரலை எப்படிம்மா உள்ள போடுவ? அது என்ன, அரிசியா?"

"மெஷினுக்குக் குரலும் படமும் வெறும் எண்ணுங்கதான். புரோகிராம் அப்படியே அள்ளிட்டுப் போய் ஒரு கட்டத்துல கொட்டிடும்."

பொத்தானை அமுக்கினாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா? காலையில நான்..."

அவ்வளவுதான். கத்தியால் அறுத்ததுபோல் நின்றது.

அவள் செத்த அன்று பதிந்ததாம். அன்று காலைதான் சண்டை. முதுகு போன பிறகும் நான் மூட்டை தூக்கப் போனேன், அவள் வாசலை மறித்தாள். "உன் சம்பளத்துல உக்காந்து திங்கணுமா? இனி என் முகத்துல முழிக்காதே" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. நடந்தால் சரக், தட் என்று கேட்கும்.

"மீதி எங்கேம்மா?"

சோடாபுட்டி தலை குனிந்தாள்.

"கட்டத்துக்கு அளவு வச்சது நான்தான்ப்பா. சின்னப் படத்துக்குப் போதும்னு அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம் எண்ணுக்கு இடம் வச்சேன். குரல்னா நாலு செகண்டுதான் கொள்ளும். மீதியை டேட்டாபேஸ் சத்தமில்லாம வெட்டிடுச்சு. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலை. எல்லாம் ஏறிடுச்சுன்னு நம்பி, மூலத்தையும் நானே அழிச்சுட்டேன்."

நாற்பது வருஷம் கிடங்கில் வேலை பார்த்தவன் நான். உள்ளே கொள்ளாத மூட்டை வாசலில் கிடக்கும். நனையும், எலி கடிக்கும், ஆனால் கிடக்கும்.

"வாசல்ல எங்கயாவது கிடக்கும், பாரு."

"கிடக்காதுப்பா. இதுல வாசலே..."

நிறுத்திவிட்டாள். திரையில் அந்தக் கட்டத்தின் அளவைக் காட்டும் எண்ணையே பார்த்தாள்.

"அப்பா," என்றாள் மூச்சுக்குள். "இந்த எண் இதுக்கு மேல ஏறவே முடியாது."

ஏறிக்கொண்டிருந்தது.

மறுபடி அமுக்கினாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா? காலையில நான் வழிமறிச்சதை மனசுல வச்சுக்காதீங்க..."

"ஏம்மா, நீயே பேசி ஒட்டுறியா? கிழவன் அழுறதைப் பாக்கணுமா?"

"என் கை மேசையிலயே இல்லைப்பா."

இல்லைதான். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

குளிரில் ஒரு வாசனை வந்தது.

தலைவலித் தைலம். மகள் தினமும் நெற்றியில் தேய்ப்பது.

யாரும் அமுக்காமலே குரல் மறுபடி வந்தது. இந்த முறை விட்ட இடத்திலிருந்து.

"நீங்க சொன்னபடி உங்க முகத்துல முழிக்க மாட்டேன்ப்பா. பின்னாடிதான் நிக்கிறேன். திரும்பாம போங்க."

பிடரியில் குளிர் ஏறியது.

சோடாபுட்டி என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"நல்லா ஏமாத்துறீங்க எல்லாரும்" என்று எழுந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வந்த கதவு எனக்குப் பின்னால் இருந்தது. எதிரே இன்னொரு கதவு, கொல்லைப் படிக்கட்டுக்குப் போவது. ஏன் அதில் போனேன் என்று கேட்காதீர்கள். செத்தவர்கள் பேசுவார்கள் என்பதை நான் நம்புகிறவனில்லை. அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

முதல் மாடி வந்தபோது கேட்டது.

சரக், தட்.

கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் சாப்பிடலைம்மா" என்றேன், முன்னால் பார்த்தபடியே.

சத்தம் ஒரு படியில் நின்றது. பிறகு மறுபடி இறங்கியது. நானும் இறங்கினேன்.