ஓடாத கௌரவப் பட்டியல்

கதவைத் தட்டுகிறவர்கள் அவரைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா இருக்காங்களா?" பள்ளி வேன் ஓட்டும் அந்த மனிதருக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். தொலைந்த மோதிரமானாலும் மொட்டைக் கடிதமானாலும் தெருவே அவளிடம்தான் கொண்டுவரும். இன்று தட்டியவள் மனைவியின் தங்கை.

"அத்தான், அக்கா இருக்காளா?"

"ஏன், நான் இருக்கேனே, போதாதா?"

"விளையாடாதீங்க அத்தான். அஞ்சு மணிக்குள்ள விஷயம் தெரியலன்னா ஒருத்தர் வேலை போயிடும். எனக்கு, இல்லன்னா கடிகாரத்துக்கு."

தங்கைக்கு வேலை, மருத்துவமனைத் துணி வெளுக்கும் சலவை ஆலையில். எந்தப் பட்டியல் எப்போது அச்சாக வேண்டுமோ, அதை இருபத்திரண்டு வருஷம் தன் கையால் பொத்தான் அழுத்தி நடத்தியவர் ஒரு பெரியவர். ஒரு நாளும் பிசகியதில்லை, அதனால் 'கடிகாரம்'. இப்போது அதை ஒரு மென்பொருள் செய்கிறது. அதற்கான தரவுத்தளத்தை மூன்று மாதம் மல்லுக்கட்டி அமைத்தவள் தங்கை. மனைவி உள்ளேயிருந்து வந்ததும் அவளிடம் கொட்டித் தீர்த்தாள்.

"நாப்பது வேலையோட பேரும் நேரமும் அவரு அடிச்சுக் கொடுத்த ஃபைல்தான்க்கா. ஒரு எழுத்துகூட மாத்தாம ஏத்தினேன். எல்லாம் ஓடுது. இன்னைக்குப் பத்து மணிக்கு ஓட வேண்டிய கௌரவப் பட்டியல் மட்டும் ஓடல. மாசத்துலயே நல்லா வேலை செஞ்சவங்க பேரை அச்சடிக்கிறது அது. வரி கண்ணு முன்னாடி இருக்கு, மெஷின் 'அப்படி ஒரு வேலையே இல்லை'ங்குது!"

"யாரெல்லாம் கை வைக்கலாம்?"

"கடிகாரம், மேனேஜர், நான். மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. யாரு மாத்தினாங்கன்னு பதியற ஏற்பாடு இன்னும் பண்ணல."

வேன்காரர் தொடையைத் தட்டினார். "கடிகாரமேதான்! தன் இடத்தைப் பிடிச்ச பொண்ணைப் பார்த்தா வயிறு எரியாதா?"

"பாருங்க அத்தான், தன் பேரு வர்ற பட்டியலையே நிறுத்திட்டாரு. அவ்வளவு பொறாமை!"

மனைவி தங்கையை ஒரு கணம் பார்த்தாள். "வண்டியை எடுங்க" என்றாள்.

ஆலையில் நீராவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. கணினி அறைக் கதவில் ஓர் அறிவிப்பு: 'மெளனம் காக்கவும்.' மனைவி மூக்கு உரசுகிற மாதிரி அதை நெருங்கிப் பார்த்தாள்.

"யாருடி அடிச்சது?"

"நான்தான்க்கா. அழகா இல்லையா?"

"அழகுக்கு என்ன குறை?"

உள்ளே மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பெரியவர் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து, அனுப்பினால் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"ஓடாத வரியைக் காட்டு" என்றாள் மனைவி. "கௌ-வுக்குப் பக்கத்துல நிறுத்தி, ஒரே ஒரு தடவை அழி."

தங்கை அழித்தாள். திரையில் மிஞ்சியது 'கெரவப் பட்டியல்'.

"இப்ப ஐயா கொடுத்த ஃபைல்ல அதே பேரு. அதையும் ஒரு தடவை அழி."

அங்கே மிஞ்சியது 'கரவப் பட்டியல்'.

"அட, அங்க கெ, இங்க க!" என்று குதித்தார் வேன்காரர்.

"ஐயா அடிச்சது ஒரே எழுத்து, கௌ. இந்த வரியில இருக்கிறது கெ, அது பக்கத்துல ஒரு ள. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, ஐயா அடிச்ச பேரைத் தேடுற மெஷினுக்கு வேற வேற. அதான் அப்படி வேலையே இல்லைன்னுது. நிஜமாத்தான் சொல்லியிருக்கு. யாரோ இந்த வரியை அழிச்சிருக்காங்க. அப்புறம் பயந்துபோய்த் திரும்ப அடிச்சிருக்காங்க."

"யாரு?" என்றார் மேனேஜர். "எனக்குத் தமிழ்ல தட்டவே வராது."

"ஐயா, 'மௌனம்'னு அடிங்க."

பெரியவர் ஒற்றை விரலால் அடித்து, மௌ-வுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு தடவை அழித்தார். 'மனம்' மிஞ்சியது. மனைவி தங்கையின் பக்கம் திரும்பினாள். தங்கையின் கை விசைப்பலகைக்குப் போகவில்லை.

"கதவுலயே அடிச்சு ஒட்டியிருக்கியே. அதுல ள பெருசா நிக்குது. அச்சகத்துல தினம் நூறு பார்க்கிறவடி நான். இன்னொண்ணு. ஓடாத பட்டியல்ல இவரு பேருதான் வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

வேன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பேச்சைத் தானும்தானே கேட்டோம்!

"அக்கா, நீ யாரு பக்கம்?"

"எழுத்து பக்கம்."

தங்கை உடைந்தாள். "நேத்தே அந்தப் பட்டியலை எட்டிப் பார்த்தேன். கல்லு மண்ணு சுமந்து வீடு கட்டினது நான், வாசல்ல மாட்டப்போறது இவரு போட்டோவான்னு தோணுச்சு. அழிச்சிட்டேன். காலையில மனசு கேக்கல, திரும்ப அடிச்சேன். சத்தியமா சரியாத்தான் அடிச்சேன்னு நினைச்சேன். அது ஓடலைன்னதும், இவருதான் ஏதோ பண்ணிட்டாருன்னு நிஜமாவே நம்பினேன்க்கா."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் எழுந்தார்.

"விடுங்க சார். இந்த மெஷின் வந்த முதல் வாரம் நானும் பிளக்கைப் புடுங்கப் போனேன். அது எங்க இருக்குன்னு தெரியல, அதான் நல்லவனா இருக்கேன்." டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, வரியை ஒற்றை விரலால் திருத்தினார்.

அச்சு இயந்திரம் முனகி ஒரு தாளைத் தள்ளியது. அதில் பெரியவரின் பெயர். யாரும் தொடவில்லை. தங்கைதான் அதைக் கிழித்தெடுத்து, வாசல் பலகைக்குப் போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊசி குத்தினாள்.

"நேரா இருக்கா பாருங்க" என்றாள், திரும்பாமல்.

"இடப்பக்கம் கொஞ்சம் ஏத்தும்மா" என்றார் கடிகாரம்.